குங்குமம் வைத்த மீட்டர்

செப்டம்பர் 4, திங்கள்

அலுவலகத்தில் இன்று நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதமிருந்த எங்களுக்கு ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்தார்கள். அட்டையில் சூரியகாந்திப் பூ. நன்றி சொல்லத்தக்க ஏதாவது ஒன்றை இதில் அவ்வப்போது எழுதிவந்தால் மனம் லேசாகும் என்று மனிதவளத் துறையிலிருந்து வந்த பெண் விளக்கினார். அந்த நாற்பதில் அவரும் ஒருவர் என்பது பிற்பகலில்தான் தெரிந்தது.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவன். வெள்ளத்தில் கம்பளம் நனைந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால், கம்பளம் உண்மையில் இருந்ததா, வெள்ளம் உண்மையில் வந்ததா என்று கேட்பது என் பணி. லண்டனுக்கு வந்ததிலிருந்து பத்தொன்பது வருடமாகக் கேட்டுவருகிறேன்.

இன்றைய நன்றி: வேலை இருக்கிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்று மின்கட்டணத்துக்கு நன்றி சொல்ல விரும்புகிறேன். மாதம் ஐம்பத்து நான்கு பவுண்டு. எங்கள் வீட்டில் எரிவாயு இணைப்பு கிடையாது. அடுப்பு, வெந்நீர், சூடேற்றி எல்லாம் மின்சாரம். அதோடு என் மனைவி சண்முகக்கனி இட்லி மாவு அரைத்து மூன்று கடைகளுக்குப் போடுகிறாள். இரண்டு கிரைண்டர்கள், ஓர் ஆளுயரக் குளிர்பெட்டி. இவ்வளவுக்கும் ஐம்பத்து நான்கு. அலுவலகத்தில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. சிக்கனம் பிறவியிலேயே வர வேண்டும்.

இந்த வீட்டைப் பற்றியும் எழுதிவைக்கிறேன். பழைய வீடொன்றை மேலும் கீழுமாகப் பிரித்து இரண்டு குடியிருப்பாக விற்றார்கள். கீழ்த்தளம் எங்களுடையது. மின்மீட்டர் இரண்டும் பொது வாசலில், மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எது யாருடையது என்று எழுதிவைக்கக் கட்டியவருக்குத் தோன்றவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பால் காய்ச்சிய அன்று, கனி நிலைப்படிக்கும் அடுப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, வலப்பக்கம் இருந்த மீட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தாள். வலப்பக்கம் நல்லது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மறுநாள் மின்நிறுவனத்தார், தங்கள் பதிவேட்டில் எங்கள் மீட்டருக்கு வேறு எண் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். நான் விடவில்லை. குங்குமத்தோடு மீட்டரைப் படமெடுத்து அனுப்பி, அவர்கள் பதிவேட்டைத் திருத்தவைத்தேன். மன்னிப்புக் கடிதம் வந்தது. கோப்பில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 9, சனி

மாடி வீட்டு யோகமலர் அக்கா மின்கட்டணத் தாளோடு இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபத்தேழு வயது. மருத்துவமனை மருந்தகத்தில் இருபத்து நான்கு வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர். ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் மேல்வீட்டை வாங்கித் தனியாக இருக்கிறார். கனி சனிக்கிழமைதோறும் அவருக்கு ஒரு டப்பா மாவு இலவசமாகக் கொடுக்கிறாள். இதை வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் செய்வதால், இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

"தம்பி, உந்த பில்லை ஒருக்காப் பாருங்கோ. போன வருசம் மாசம் நூற்றி எண்பது எடுத்தவங்கள். இப்ப இருநூற்றி முப்பத்தெட்டு. தாங்களே எடுக்கிறாங்கள், தாங்களே கூட்டுறாங்கள். என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

டைரக்ட் டெபிட் என்பது என்னவென்று நான் பொறுமையாக விளக்கினேன். "அவங்க இஷ்டத்துக்கு எடுக்கல அக்கா. வருஷம் பூரா எவ்வளவு ஓடும்னு கணக்குப் போட்டு, பன்னிரண்டாப் பிரிச்சு, மாசாமாசம் நம்ம பேங்க்ல இருந்து ஒரே தொகையா எடுக்காங்க. கோடையில கொஞ்சம் மிச்சம் சேரும், குளிர்காலத்துல அது கரையும். தொகையைக் கூட்டணும்னா முன்கூட்டியே கடிதம் போடணும். தப்பா எடுத்துட்டா பேங்க்ல கேட்டுத் திருப்பி வாங்கலாம்."

"கடிதம் வந்ததுதான். எனக்குக் கோடையிலயும் ஒண்டும் சேரேல்லையே. அவ்வளவு கரண்ட் எங்க தம்பி போகுது? நான் ஒரு ஆள். ஹீட்டரைத் தொடுறதே இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ரிவி பார்க்கிறன்."

மேலே போய்ப் பார்த்தேன். சிறிய குளிர்பெட்டி, சிறிய தொலைக்காட்சி, ஒரு விளக்கு. சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் கோரிக்கை என்று வந்துவிட்டால் காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். "அடுப்பு, வாட்டர் ஹீட்டர் எதையாவது போட்டுட்டு மறந்துடுறீங்களோ அக்கா?" என்று இதமாகக் கேட்டேன்.

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் இரு வீட்டுக்குமாக மலிவான வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கு நானே விண்ணப்பித்துக் கொடுத்தேன். புதிய நிறுவனம் என்னிடம் அதே ஐம்பத்து நான்கையும் அவரிடம் இருநூற்று இருபத்தைந்தையும் மாதாமாதம் எடுக்கும். உதவ முடிகிற நிலையில் என்னை வைத்ததற்கு நன்றி.

செப்டம்பர் 10, ஞாயிறு

கனி மாவரைத்துக்கொண்டே கேட்டாள்: "ரெண்டு கிரைண்டர் ஓடுத வீட்டுக்கு அம்பத்தி நாலு. கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்குத வீட்டுக்கு எரநூத்தி முப்பத்தெட்டா? என்ன கணக்குங்க இது?"

நவீன கிரைண்டர்களின் திறனைப் பற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னேன். கிரைண்டர் சத்தத்தில் முழுவதும் கேட்டிருக்காது.

செப்டம்பர் 16, சனி

மாற்றத்துக்காக இரண்டு மீட்டரையும் படமெடுத்து அனுப்பினேன். அக்காவுக்குக் கண்ணாடி போட்டாலும் அந்த அலமாரி இருட்டில் எண் தெரிவதில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்தே அவருடையதையும் நான்தான் படித்துச் சொல்கிறேன். குடிவந்த வாரம், "எது தம்பி என்ரை?" என்று கேட்டார். "குங்குமம் வச்சது எங்களுது" என்றேன். அன்றிலிருந்து குழப்பமே இல்லை.

புதிய நிறுவனத்தின் டைரக்ட் டெபிட் பதிவாகிவிட்டது என்று செய்தி வந்தது. "அப்ப பழையவங்கட?" என்று கேட்டார். பழையதை வங்கியில் இன்றே நிறுத்திவிடும்படி சொன்னேன். இரண்டு பேர் எடுத்துவிடக் கூடாதல்லவா? என்னுடையதை நிறுத்த நேரமில்லை, அப்படியே கிடக்கிறது.

அக்டோபர் 2, திங்கள்

குளிர் தொடங்கிவிட்டது. எங்கள் வீடு கதகதப்பாக இருக்கிறது. நன்றி.

அக்டோபர் 14, சனி

அக்காவுக்குப் பழைய நிறுவனத்திடமிருந்து சிவப்பு எழுத்துக் கடிதம். கடைசிக் கட்டணம் நூற்றுத் தொண்ணூற்றாறு பவுண்டை எடுக்கப் போனார்களாம், வங்கி மறுத்துவிட்டதாம், உடனே கட்டாவிட்டால் வசூலிப்பவர்களிடம் ஒப்படைப்பார்களாம்.

எனக்குப் பழைய நிறுவனம் கடைசிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, கோடையில் சேர்ந்திருந்த மிச்சம் முப்பத்தொரு பவுண்டை வங்கிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. டைரக்ட் டெபிட் நிறுத்தப்படாமல் இருந்ததால் எல்லாம் தானாக நடந்தது. நிறுவனம் மாறும்போது கடைசிக் கணக்கு தீரும்வரை பழையதை நிறுத்தக் கூடாது என்று அவர்களுடைய தளத்திலேயே எழுதியிருக்கிறது. இன்று வாசித்தேன்.

அக்கா படியில் நின்று பர்மிங்காமில் இருக்கும் மகள் நிரூபாவோடு பேசிக்கொண்டிருந்தார். "இல்லைப் பிள்ளை, ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் யோசிக்காமல் நிப்பாட்டிப்போட்டன்… ஓம், மறந்துபோச்சு எண்டே வை."

என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவருடைய பெருந்தன்மைக்கு நன்றி. கனி கொடுத்த மாவை நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 18, புதன்

நிரூபா என்னை அழைத்தார். அம்மாவைப் பற்றிக் கவலையாக இருக்கிறதாம். கட்டணம் இவ்வளவு வருகிறது, வங்கியில் எதையோ நிறுத்துகிறார், கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறார். பக்கத்தில் இருப்பவர் என்ற முறையில் என் கருத்து என்ன?

கருத்துக் கேட்கும் இளைய தலைமுறைக்கு நன்றி. "அடுப்பையோ ஹீட்டரையோ போட்டுட்டு மறந்துடுறாங்களோன்னு எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு" என்று அளவோடு சொன்னேன். உண்மைக்குப் புறம்பாக எதுவும் சொல்லவில்லை. சந்தேகம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

அக்டோபர் 22, ஞாயிறு

கனி தம்பி மகள் கல்யாணத்துக்காக நேற்று கோவில்பட்டிக்குப் போனாள். நான்கு வாரம். கிரைண்டர்களுக்கு ஓய்வு. வீட்டில் நான் ஒருவன். சூடேற்றியை ஒரு மணி நேரத்துக்கு மேல் போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

அக்காவைப் படியில் சந்தித்தேன். நிரூபா வந்து மருத்துவரிடம் அழைத்துப்போயிருக்கிறார். மறதி நோய்க்கான சோதனை.

"ஒரு விலாசத்தைச் சொல்லி, அஞ்சு நிமிசம் கழிச்சுத் திருப்பிக் கேட்டவ. சொன்னனான். நூறிலிருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னவ. அவ நிப்பாட்டச் சொல்லும் வரைக்கும் கழிச்சனான். எல்லாம் சரியாம்."

"ரொம்ப நல்லது அக்கா."

"என்ன நல்லது? சோதினையில சரி எண்டா வீட்டிலயும் சரியெண்டு அர்த்தமில்லையாம். பில் பொய் சொல்லாது எண்டு நிரூபா சொல்லுறா. அதுவும் சரிதானே தம்பி? நான் இப்ப இரவில மூண்டு தரம் எழும்பி அடுப்பைப் பாக்கிறன். அணைஞ்சுதான் இருக்கு. ஆனா நான் பாக்காத நேரம் என்ன செய்யிறனோ, ஆருக்குத் தெரியும்?"

வீட்டை விற்றுவிட்டு பர்மிங்காமில் மகள் வீட்டுக்குப் போவது என்று தீர்மானமாகிவிட்டதாம். வீட்டு முகவர் நவம்பர் இருபதாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விலை மதிக்க வருகிறார்.

"உங்களுக்கு அங்க போக விருப்பமா அக்கா?"

"அங்க எனக்கு ஒரு அறை வைச்சிருக்கினம். கதவுக்குப் பூட்டு இல்லை." கையிலிருந்த சாவியைப் பைக்குள் போட்டார். "என்ரை பேரில ஒரு கதவு வாங்க எனக்கு அறுபத்தஞ்சு வயசாச்சு தம்பி. அதையும் திறந்துபோட்டு மறந்துபோடுவன் எண்டு பயமா இருக்கு."

நவம்பர் 11, சனி

வழக்கம்போல் இரண்டு மீட்டரையும் படித்தேன். மூன்று வாரத்தில் அக்காவுடையது நூற்றுப் பத்து யூனிட்தான் ஓடியிருக்கிறது. முன்பெல்லாம் ஐந்நூறுக்குக் குறையாது. சொன்னதைக் கேட்டு நடந்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? என் அறிவுரைக்கு நானே நன்றி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்களுடையது மட்டும் விசித்திரமாக நடந்துகொள்கிறது. மூன்று வாரத்துக்கு எண்பது யூனிட்டைத் தாண்டாத மீட்டர், வீட்டில் ஆளும் கிரைண்டரும் இல்லாதபோது நூற்று எழுபது ஓடியிருக்கிறது. குளிர்பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் தூசி தட்டினேன்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

காலையில் அக்கா பயத்தம் உருண்டை கொண்டுவந்தார். மீட்டர் குறைந்திருக்கிற நல்ல செய்தியைச் சொன்னேன். அவர் மகிழவில்லை. குழம்பினார்.

"குறைஞ்சிருக்கோ? அது எப்பிடித் தம்பி? இந்த மாசம்தானே நான் ஹீட்டரே போட்டனான்! எப்பிடியும் விக்கிறன்தானே, இருக்கிற கொஞ்ச நாளுக்காவது குளிராமல் இருப்பம் எண்டு, காலையிலயும் பின்னேரமும் போடுறன். கூடியெல்லோ இருக்கோணும்?"

"கூடித்தான் இருக்கணும்" என்றேன்.

"பாத்தீங்களோ? நான் ஹீட்டர் போட்டதா நினைக்கிறன், மீட்டர் போடேல்லை எண்டுது." சிரிக்க முயன்றார். "சரி, தின்னுங்கோ தம்பி. இனிப்பாவது சரியா வந்திருக்கோ தெரியேல்லை."

இனிப்பு சரியாகத்தான் வந்திருந்தது. இன்னொன்றை எடுக்காமல் டப்பாவை மூடிவைத்தேன்.

நவம்பர் 13, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டேன். அக்கா கடைக்குப் போனதும், எங்கள் வீட்டின் மொத்த மின்சாரத்தையும் முதன்மைச் சுவிட்சில் நிறுத்திவிட்டு, அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

மின்சாரம் ஓடும்போது மீட்டரில் சிவப்பு விளக்கு கண்சிமிட்டும். குங்குமம் வைத்த மீட்டர் நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மற்றது அடங்கிக் கிடந்தது.

உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன். மற்றதும் சிமிட்டியது. ஒரு சோதனையை நம்பக் கூடாது என்பதால் நான்கு முறை செய்தேன். விஞ்ஞானம் நான்கு முறையும் ஒரே பதிலைச் சொன்னது.

நவம்பர் 14, செவ்வாய்

மழை.

நவம்பர் 15, புதன்

எங்கள் துறையில் ஒரு நெறி உண்டு. எதிர்த்தரப்பு கேட்காத இழப்பீட்டை நாமாகப் போய்க் கொடுப்பதில்லை. கேட்கவைப்பதும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் இந்த நெறி எனக்கு இரண்டு பதவி உயர்வு வாங்கித் தந்திருக்கிறது.

அதோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மகள் வீட்டில் அவருக்குத் துணை இருக்கும். சூடான வீடு. ஒரு கோணத்தில் பார்த்தால்.

நவம்பர் 16, வியாழன்

அந்தக் கோணத்தில் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 17, வெள்ளி

காலையில் மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம். முகவர் வருகிறார் என்று அக்கா ஜன்னல்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு நன்றி சொல்ல எதுவும் தோன்றவில்லை. பக்கத்தை வெறுமனே விட மனமில்லாமல் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 18, சனி

கனி வந்துவிட்டாள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவள் முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"அப்ப ரெண்டு வருஷமா நம்ம மாவுக்கு அந்த அக்காதான் கரண்டுக் காசு கட்டியிருக்காங்க."

"அப்படியும் சொல்லலாம்."

"வேற எப்படிங்க சொல்லுவீங்க?"

நான் அவளுடைய பெட்டியைச் சுவரோரமாக நகர்த்திவைத்தேன்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"திங்கக்கிழமை."

"இன்னைக்குச் சனிக்கிழமை." பொட்டலத்தை மேசையில் வைத்தாள். "பொட்டு வச்சது நான். அந்தத் தப்பு என்னது, அதை நான் போய்ச் சொல்லுதேன். நம்பர அனுப்பி கம்பெனிக்காரன் கணக்கை மாத்துனது யாரு? அந்த அம்மாவுக்கு மறதின்னு மககிட்ட சாட்சி சொன்னது யாரு?"

"சந்தேகம்னுதான் சொன்னேன்."

"கம்பெனிக்காரங்கிட்ட பேசுத மாதிரி எங்கிட்ட பேசாதீங்க" என்றாள் கனி.

நவம்பர் 19, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு இருவரும் மேலே போனோம். நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். அக்கா கோட்டோடு உட்கார்ந்து அதை வாசித்தார். மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல விரலை வரிக்கு வரி நகர்த்தினார். முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தார்.

"அப்ப இது உங்கட கரண்ட்."

"ஆமா அக்கா."

"உங்களுக்கு வந்த அம்பத்தி நாலு, என்ரை."

"ஆமா."

எழுந்து சமையலறைக்குப் போனார். கோபமாகத் திரும்பி வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால், அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதன் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நான் அணைச்சுத்தான் இருந்திருக்கிறன்" என்றார். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. "ஒவ்வொரு நாளும் அணைச்சுத்தான் இருந்திருக்கிறன்."

கனி அழுதுவிட்டாள். அக்கா அவளை உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. சர்க்கரை இல்லாமல்.

பிறகு தொலைபேசியை என் கையில் கொடுத்தார். "நிரூபாவுக்கு எடுங்கோ. தமிழில வேண்டாம், இங்கிலீசில சொல்லுங்கோ. நான் சொன்னா அவள் நம்பமாட்டாள். தமிழில நீங்கள் சொன்னா, பாவம் எண்டு அம்மாவுக்காகக் கதைக்கிறார் எண்டு நினைப்பாள்."

ஒலிபெருக்கியில் போட்டுச் சொன்னேன். மீட்டர் மாறியது, பதிவேட்டை மாற்றவைத்தது, அடுப்பு பற்றி நான் சொன்னது சந்தேகமல்ல, வெறும் ஊகம் என்பது, எல்லாவற்றையும். வேலையில் தவறை ஒப்புக்கொள்ளும் இந்த ஆங்கிலத்தை நான் கேட்டுத்தான் பழக்கம். பேசுவது இதுதான் முதல் தடவை. பழைய டைரக்ட் டெபிட்டை நிறுத்தச் சொன்னதும் நான்தான் என்றும் சொன்னேன்.

பிறகு நிரூபா தமிழில் கேட்டார்: "அம்மா, நிப்பாட்டச் சொன்னது அங்கிள் எண்டு ஏன் சொல்லேல்லை? உண்மையிலயே மறந்துபோச்சா?"

"ஏன் மறக்கிறன்? செப்டம்பர் பதினாறு, சனிக்கிழமை. கீழ வாசலில நிண்டு சொன்னவர். மாவு தாற பிள்ளைகள், காட்டிக் குடுக்கக் கூடாது எண்டு விட்டனான்."

"சாரி அம்மா."

"அது பிறகு பாப்பம். நாளைக்கு வாற ஏஜென்டை வரவேண்டாம் எண்டு சொல்லு. நீதானே கூப்பிட்டனீ."

பிறகு தொகை. மொத்தம் நாலாயிரத்து நூற்று நாற்பது பவுண்டு என்று என் தாளில் இருந்தது. சேமிப்பில் அவ்வளவு இல்லை, முடிந்தபோது முடிந்ததைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"அது சரிவராது" என்றார் அக்கா. "உங்களுக்கு முடியேக்கை இல்லை. ரெண்டு வருசம், மாசம் நூற்றி எழுபத்திரண்டரை." தாளோ பேனாவோ அவர் தொடவில்லை. "ஒண்டாம் திகதி. நீங்கள் எனக்கு டைரக்ட் டெபிட் விளங்கப்படுத்தினீங்கள்தானே? தொகையும் திகதியும் எடுக்கிற ஆள் சொல்லும். குடுக்கிற ஆள் வங்கியில காசை வைச்சிருக்கோணும். அவ்வளவுதானே?"

நான் விளக்கியதைவிடத் தெளிவாக இருந்தது.

நவம்பர் 27, திங்கள்

பழைய பாக்கியை எங்களுக்குள் தீர்த்துக்கொள்வதாக இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். மின்நிறுவனம் ஆள் அனுப்பிச் சோதித்து, மீட்டர் எண்களைச் சரியான வீடுகளுக்கு மாற்றிப் பதிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பழைய நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்த அதே எண்கள். இம்முறை மன்னிப்புக் கடிதம் நான் எழுதினேன்.

என் டைரக்ட் டெபிட் இனி மாதம் இருநூற்று இருபத்தைந்து. அக்காவுடையது ஐம்பத்து நான்கு. கனி மாவு விலையை ஏற்றியிருக்கிறாள். லாபம் என்று இதுவரை நாங்கள் நினைத்திருந்தது மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது என்பது புதுக்கணக்கில் தெரிகிறது.

டிசம்பர் 1, வெள்ளி

முதல் தவணை போய்விட்டது. காலை எட்டு மணிக்கு அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி: "வந்தது."

டிசம்பர் 10, ஞாயிறு

பத்து மணிக்கு அக்கா கதவைத் தட்டினார். கையில் எதுவும் இல்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டார்.

"இருக்க வரேல்லை. சில விசயம் கதைக்கோணும். ரெண்டு வருசமாச் சொல்லேல்லை. ஓசியில மாவு வாங்கிக்கொண்டு குறை சொல்லுறது அழகில்லை எண்டு இருந்தனான். இப்ப நான் காசு குடுத்துத்தான் திண்டனான் எண்டு தெரிஞ்சுபோச்சு. சொல்லலாம்தானே?"

"சொல்லுங்க அக்கா" என்றாள் கனி, என்னை முந்திக்கொண்டு.

"தம்பி படியில நிண்டு போன் கதைக்கக் கூடாது. போன வருசம் ஜூன் பதினோராம் திகதி முக்கால் மணித்தியாலம் நிண்டு உங்கட மச்சானோட சண்டை பிடிச்சீங்கள், காணி விசயம். எனக்கு அந்தக் காணியின்ர நாலு எல்லையும் இப்ப பாடம். இந்த வருசம் மார்ச் இருபத்தாறு, நேரம் மாத்தின ஞாயிற்றுக்கிழமை, வாசல் கதவைத் திறந்துபோட்டுப் போயிட்டீங்கள். பூனை வந்தது. மே ஆறு, எனக்கு வந்த பார்சலை உங்கட எண்டு உடைச்சுப் பாத்திட்டு, திருப்பி ஒட்டி வைச்சீங்கள். ஒட்டினதும் வடிவா ஒட்டேல்லை. பிறகு ஓகஸ்ட்…"

அவர் வாசலில் நின்றபடி மாதம் மாதமாக வந்துகொண்டிருந்தார். இடையில் ஓரிடத்தில் நான் குறுக்கிட்டு, அது ஆகஸ்ட் அல்ல, செப்டம்பர் என்றேன். அவர் ஒரு கணம் யோசிக்கவும் இல்லை. ஆகஸ்ட் பத்தொன்பது, சனிக்கிழமை, அன்று மழை, நான் அணிந்திருந்தது நீலச் சட்டை என்றார். உள்ளே போய் அந்த விஷயமாக வந்திருந்த பழைய கடிதங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஆகஸ்ட் பத்தொன்பதுதான்.

மொத்தம் பதினான்கு குறைகள். எந்த ஆவணத்தையும் கேட்காமல் பதினான்கையும் ஒப்புக்கொண்டேன். பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு துல்லியமான கோரிக்கை ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை. அவருக்கு ஒரு தேதிகூட மறக்கவில்லை. அதற்கு நன்றி.